503-இல் 278 போனால் 375: ஆசிரியர் குழுவில் கேட்க வேண்டிய கேள்வி

நான்காம் வகுப்புப் பிள்ளை ஒன்று 503-இல் 278-ஐக் கழித்து 375 என்று எழுதி வைத்திருக்கிறது. பக்கத்தில் இருப்பவன் 235 என்கிறான். இன்னொருத்தி 325. சரியான விடை 225. மூன்றும் தப்பு, ஆனால் ஒரே தப்பு இல்லை. சிவப்பு மையில் மூன்று பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விடலாம். அல்லது அந்த மூன்று விடைகளையும் படம் எடுத்து, அதே வகுப்பு எடுக்கும் இன்னும் பத்துப் பேரிடம் காட்டலாம். கையில் இருக்கும் போனால் ஓர் ஆசிரியருக்குத் தொழிலில் கிடைக்கக்கூடிய பெரிய லாபம் இந்த இரண்டாவது வேலைதான். அதுதான் குழுக்களில் மிக அரிதாக நடக்கிறது.

நடப்பது என்ன? தமிழ்நாட்டில் ஒரு தொடக்கப்பள்ளி ஆசிரியரின் வாட்ஸப்பைத் திறந்தால் ஒன்றியக் குழு, குறுவள மையக் குழு, எமிஸ் (பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் அரசுத் தளம்) குழு, எண்ணும் எழுத்தும் (தொடக்க வகுப்புகளுக்கான அரசின் கற்றல் திட்டம்) குழு, சங்கக் குழு (சிலருக்கு இரண்டு சங்கம்), பள்ளிக் குழு, பெற்றோர் குழு என்று வரிசை கட்டி நிற்கும். காலையில் வணக்கத்தோடு ஒரு ரோஜாப்பூ. பத்து மணிக்குச் சுற்றறிக்கை. மதியம் “இன்று மாலை 4 மணிக்குள் பதிவேற்றம் செய்யாத பள்ளிகள்” என்று ஒரு பட்டியல். மாலையில் அடுத்த வாரப் பாடக்குறிப்பு பி.டி.எஃப்., அதன் கீழே நாற்பது “நன்றி சார்”.

இதைக் குறை சொல்லிப் பயனில்லை. இது தபால் ஆபீஸ். தபால் ஆபீஸ் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. தபால் வந்ததைப் படிப்பு என்று எண்ணிக்கொள்வதில்தான் சிக்கல். 300 பி.டி.எஃப். சேர்த்து வைத்திருப்பவரின் வகுப்பறையும் மூன்று பி.டி.எஃப். வைத்திருப்பவரின் வகுப்பறையும் ஒரே மாதிரி இருப்பதை எந்தப் பள்ளியிலும் பார்க்கலாம்.

முதலில் சத்தத்தைக் குறைப்பது

அரை மணி நேர வேலை. வாட்ஸப்பில் அமைப்புகளுக்குள் போய், பிரைவசி, அதில் குரூப்ஸ் என்பதைத் திறந்து “எல்லோரும்” என்றிருப்பதை “என் தொடர்புகள் மட்டும்” என்று மாற்றினால், முன்பின் தெரியாதவர்கள் நேரடியாகக் குழுவில் இழுத்துப் போடுவது நிற்கும். அடுத்து ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பகுதியில் மீடியா தானாக இறங்குவதை மொபைல் டேட்டா, வைஃபை இரண்டுக்கும் நிறுத்த வேண்டும். பயிற்சி வாரங்களில் போன் நிரம்பி நிற்பதற்குக் காரணம், ஒரே கையேடு ஆறு குழுவில் இருந்து ஆறு முறை இறங்குவதுதான்.

பிறகு குழுக்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆணை, பதிவேற்றம், கூட்டம் என்று வரும் குழுக்களை மியூட் செய்துவிட்டு, காலை வழிபாட்டுக்கு முன் ஒரு தடவை, மாலை பள்ளி விடும் முன் ஒரு தடவை பார்த்தால் போதும். அவசரமென்றால் தலைமை ஆசிரியருக்குப் போன் வரத்தான் போகிறது. பாடம் பற்றிப் பேசும் குழு என்று ஒன்றோ இரண்டோ தேறினால், அவற்றை மட்டும் மேலே பின் செய்து வையுங்கள். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் அதுவும் தெரிய வேண்டிய செய்திதான். அப்போது புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டியிருக்கும். அதை எப்படி நடத்துவது என்பது கடைசியில் வருகிறது.

எந்த வேலைக்கு எந்தச் செயலி என்பதையும் இப்போதே தீர்த்துக்கொள்ளலாம். வாட்ஸப் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஆனால் நாற்பது பேரைத் தாண்டினாலே அங்கே யாரும் மனம் விட்டுத் தப்பை ஒப்புக்கொள்வதில்லை. போன வாரம் நடந்த நல்ல உரையாடலை இந்த வாரம் தேடிப் பிடிப்பதும் கஷ்டம். டெலிகிராமில் குழுவுக்கு இரண்டு லட்சம் பேர் வரை கொள்ளும், ஒரு கோப்பு 2 ஜி.பி. வரை போகும். குழுவின் பழைய செய்திகளைப் புதிதாகச் சேர்பவருக்கும் தெரியும்படி வைக்கலாம், குறிச்சொல் போட்டுத் தேடலாம். ஆகவே பொருள் சேமிக்க டெலிகிராம், பேச வாட்ஸப் என்று பிரித்துக்கொள்வது வசதி. டெலிகிராமில் சேர்ந்த அன்றே தொலைபேசி எண்ணை “யாருக்கும் காட்டாதே” என்று மாற்றிவிடுங்கள். நீண்ட பதிவு, அதன் கீழேயே கோத்து வரும் பின்னூட்டம் என்று நிதானமாகப் பேச முகநூல் குழு இன்னும் நல்ல இடம்தான், இளைய ஆசிரியர்கள் அங்கே அதிகம் வருவதில்லை என்றாலும்.

டெலிகிராமில் ஓர் எச்சரிக்கை. அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின இரவு “நாளைய வினாத்தாள்” என்று வரும் கோப்பைத் திறக்கக்கூட வேண்டாம். ஃபார்வர்ட் செய்வது பற்றிச் சொல்லவே வேண்டாம். அது போலியாகவே இருந்தாலும், விசாரணை என்று வந்தால் முதலில் கேட்பது “உங்களிடம் இருந்து யாருக்குப் போனது” என்பதைத்தான். விலைக்கு விற்கும் புத்தகங்களின் ஸ்கேன் பிரதியும் இதே வகைதான்.

கேட்கும் முறை

இனி அந்த மூன்று விடைகளுக்கு வருவோம். குழுவில் வழக்கமாக வரும் கேள்வி இப்படி இருக்கும்: “கழித்தல் கணக்கு மெல்லக் கற்கும் மாணவர்களுக்குப் புரிய நல்ல வீடியோ இருந்தா அனுப்புங்க சார்.” ஐந்து நிமிடத்தில் எட்டு இணைப்புகள் வந்து விழும். எட்டில் ஏழு ஒரே மாதிரி, “பக்கத்து வீட்டில் கடன் வாங்கு” கதை. கேட்டவர் ஏற்கெனவே அதைத்தான் வகுப்பில் சொல்லியிருப்பார். வீடியோ மட்டும் போதுமென்றால் குழுவுக்கு வரவே வேண்டாம். பாடநூல் பக்கத்தில் உள்ள கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும்.

அதே ஆசிரியர் இப்படிக் கேட்டிருந்தால்:

“4-ஆம் வகுப்பு, 22 பேர். கடன் வாங்கிக் கழித்தல் முடித்துவிட்டேன். இரண்டிலக்கத்தில் பெரும்பாலும் சரியாகச் செய்கிறார்கள். பத்தாம் இடத்தில் பூஜ்ஜியம் வந்தால் தடுமாறுகிறார்கள். 503 – 278 கொடுத்ததில் ஒன்பது பேர் சரி. ஆறு பேர் 375, நான்கு பேர் 235, மூன்று பேர் 325. கடன் வாங்கும் கதை சொல்லிப் பார்த்தாயிற்று, 375 குறையவில்லை. தீக்குச்சிக் கட்டு இன்னும் செய்யவில்லை. மூன்று வகைக்கும் ஒரே பாடம் எடுக்கலாமா, பிரித்து எடுக்க வேண்டுமா? மூன்று விடைகளின் படமும் கீழே.”

இதற்கு வரும் பதில்களின் தரமே வேறாக இருக்கும். வகுப்பு, எண்ணிக்கை, எது வரை வருகிறது, எங்கே உடைகிறது, செய்து பார்த்தது என்ன, இன்னும் செய்யாதது என்ன, கேள்விக்குறியோடு முடியும் ஒரே ஒரு கேள்வி. இவ்வளவும் இருந்தால் பதில் சொல்பவர் உங்கள் வகுப்புக்குள்ளேயே நின்று பேசுகிறார். எழுத ஆறு நிமிடம் ஆகும். அந்த ஆறு நிமிடத்தில் கேட்பவருக்கே பாதி விடை கிடைத்துவிடுவதும் உண்டு, ஏனென்றால் 375 எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்கும்போதுதான் இது கவனக்குறைவு இல்லை, ஒழுங்கான ஒரு விதி என்று கண்ணில் படுகிறது.

அந்த விதிகளைப் பார்ப்போம். 375 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்தில் இருந்து சின்னதைக் கழித்திருக்கிறது: 8-இல் 3 போக 5, 7-இல் 0 போக 7, 5-இல் 2 போக 3. “பெரியதில் இருந்துதான் சின்னதைக் கழிக்கணும்” என்று கீழ் வகுப்பில் நாம் சொல்லிக்கொடுத்ததை அது அட்சரம் பிசகாமல் செய்கிறது. 235 எழுதியவனுக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறில் ஒன்றை உடைத்து 0-ஐ 10 ஆக்கினான், அதில் ஒன்றை ஒன்றாம் இடத்துக்குக் கொடுத்து 13 ஆக்கினான். கொடுத்த பிறகு அந்த 10 ஒன்பதாகிவிட்டதை எழுத மறந்தான். 325 எழுதியவளுக்கு “பூஜ்ஜியம் வந்தால் 9 போடு” என்ற சூத்திரம் நினைவிருக்கிறது. அந்த ஒன்பது எங்கிருந்து வந்தது என்பது தெரியாததால் நூறாம் இடத்து 5 அப்படியே நிற்கிறது.

கூட்டிச் சரிபார்த்தால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். 235-ஓடு 278 கூட்டினால் 513, சரியாக ஒரு பத்து கூடுதல். 325-ஓடு கூட்டினால் 603, சரியாக ஒரு நூறு கூடுதல். எது குறைக்கப்படவில்லையோ அதுவே மிச்சமாக வந்து நிற்கிறது. கழித்தலில் பிள்ளைகள் செய்யும் தவறுகள் இப்படி விதி போட்டு வருபவை என்பதை அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978-இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். கணினி நிரலில் வரும் பிழைக்குச் சொல்லும் “பக்” என்ற சொல்லையே இதற்கும் வைத்தார்கள்.

இப்போது குழுவில் வரும் பதில்களைப் பிரித்துப் பார்க்க முடியும். தீக்குச்சிக் கட்டு (நூறு கட்டு ஐந்து, உதிரி மூன்று, நூறு கட்டு ஒன்றைப் பிரித்தால் பத்துப் பத்துக் கட்டு, அதில் ஒன்றைப் பிரித்தால் உதிரி பத்து, மேஜையில் மீதம் ஒன்பது பத்துக் கட்டு) 235-க்கும் 325-க்கும் நேரான மருந்து. 375-க்கு அதை உடனே கொடுத்தால் அவ்வளவாகப் பிடிக்காது. அந்தப் பிள்ளை இன்னும் 503-ஐ ஓர் எண்ணாகவே பார்க்கவில்லை, மூன்று தனித்தனி இலக்கமாகப் பார்க்கிறது. அதற்கு முதலில் தோராயம்: “ஐந்நூறு ரூபாய் வைத்திருக்கிறாய், ஏறக்குறைய முந்நூறு செலவு, மீதி எவ்வளவு இருக்கும்?” இருநூறு என்று வாயில் வந்துவிட்டால் 375 அதன் கண்ணுக்கே உறுத்தும். “இரண்டு எண்ணிலும் 2 கூட்டி 505 – 280 ஆக்குங்கள்” என்று ஒருவர் சொல்வார். அழகான வழி, விடையும் 225-தான். ஆனால் கூட்டினாலும் வித்தியாசம் மாறாது என்பது புரியாத வகுப்பில் அது நாலாவது சூத்திரமாகப் போய் உட்காரும். 278-இல் இருந்து 280-க்கு 2, 300-க்கு 20, 503-க்கு 203 என்று ஏறிப் போகும் வழி கடையில் சில்லறை வாங்கிப் பழகிய பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

எல்லாப் பதிலையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு வாரத்துக்கு ஒரு மாற்றம். தீக்குச்சியும் தோராயமும் வீடியோவும் ஒரே நாளில் செய்துவிட்டு 375 குறைந்தால், எதனால் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது, உங்களுக்கும்தான். செய்யும் முன் ஐந்து கணக்கு கொடுங்கள்: பத்தில் பூஜ்ஜியம் உள்ளது இரண்டு (604 – 257, 702 – 386), பூஜ்ஜியம் இல்லாமல் கடன் வாங்குவது இரண்டு (542 – 268, 431 – 175), கடனே தேவைப்படாதது ஒன்று (687 – 243). கடைசிக் கணக்கு எதற்கென்றால், கழித்தலே வராத பிள்ளையைத் தனியாக அடையாளம் காண. ஒரு வாரம் கழித்து இதே வகையில் எண்களை மாற்றி இன்னொரு ஐந்து. அதே எண்களைத் திரும்பக் கொடுத்தால் விடையை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை உங்களை ஏமாற்றிவிடும். பாடம் எடுத்த மறுநாளே சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் தெரியும். ஏழு நாள் இடைவெளிதான் உண்மையைச் சொல்லும்.

பிறகு, பெரும்பாலோர் விட்டுவிடும் அந்த வேலை: அதே குழுவில், முதலில் கேட்ட செய்தியை ரிப்ளை செய்து முடிவைப் போடுவது. “தோராயம் மூன்று நாள், தினம் பத்து நிமிடம். 375 ஆறில் இருந்து இரண்டு. 235 நான்கு அப்படியே இருக்கிறது, அடுத்த வாரம் கட்டு எடுக்கிறேன்.” மூன்று வரி போதும். குறையவில்லை என்றாலும் போட வேண்டும். தோற்றுப்போனதை எழுதும் ஆசிரியர் இருக்கும் குழுவில்தான் மற்றவர்களும் உண்மை பேசத் தொடங்குவார்கள்.

படம், கோப்பு, எழுத்துரு

நோட்டைப் படம் எடுப்பதில் சின்னச் சின்ன இடறல்கள் உண்டு. ஜன்னல் பக்க வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேர் மேலே இருந்து எடுக்க வேண்டும். பென்சில் எழுத்து வாட்ஸப்பின் சுருக்கத்தில் மங்கிவிடும். அதனால் படமாக அனுப்பாமல் “டாக்குமென்ட்” வழியாக அனுப்பினால் மூலத் தரம் அப்படியே போகும். பெயர், பள்ளி, வரிசை எண் உள்ள மேல் ஓரத்தை வெட்டிவிடுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பதைவிட வெட்டி எடுப்பது பாதுகாப்பு. ஆசிரியரின் சிவப்பு மை விழும் முன்பே எடுத்த படம்தான் பேச உதவும். திருத்திய பிறகு பிள்ளை எழுதியது எது, நாம் எழுதியது எது என்று குழம்பிப் போகும்.

பயிற்சித்தாள் பகிர்வதில் தமிழாசிரியர்களை வாட்டும் பழைய வியாதி எழுத்துரு. பாமினியிலோ சன்டாமியிலோ வானவில்லிலோ அடித்த வேர்டு கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். போனில் இன்னும் மோசம். இந்தப் பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை ஒட்டவைத்தவை. கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துதான். அதனால் தேடினாலும் அகப்படாது, ஒரு சொல்லை மாற்றவும் முடியாது. தமிழக அரசே 2010-இல் ஒருங்குறியை (யூனிகோட்) ஏற்றாயிற்று, குழுக்களில் இன்னும் பாமினிதான் ஓடுகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி ஒருங்குறியாக்கிவிட்டு, “ஸ்ரீ”, “ஷ” போன்ற கிரந்த எழுத்துகளையும் கொம்பையும் ஒற்றுப் புள்ளியையும் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். மாற்றும்போது பிழை வருவது பெரும்பாலும் அங்கேதான். பகிரும்போது வேர்டு, பி.டி.எஃப். இரண்டும். பி.டி.எஃப். மட்டும் போட்டால் “22 பேருக்குப் பதில் 8 பேர், எண்களைச் சிறிதாக்கு” என்று யாரும் மாற்றிக்கொள்ள முடியாது.

கோப்புக்குப் பெயரும் வேண்டும். “புதிய ஆவணம் 3 இறுதி இறுதி” என்று வருவதை யாரால் தேட முடியும்? வகுப்பு, பாடம், அலகு, வகை: “4 கணக்கு கழித்தல் பூஜ்ஜியம் பயிற்சி”. போதும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவியில் தட்டி எடுத்த தாள்கள் இப்போது குழுக்களில் நிறைய வருகின்றன. விடைக்குறிப்போடு வந்தால் முதலில் மூன்று கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு ஜெராக்ஸ் எடுங்கள். தமிழ்த் தாள் என்றால் சந்திப்பிழையையும் எடுத்துக்காட்டுச் சொற்களையும். பறவை பட்டியலில் வௌவால் உட்கார்ந்திருக்கலாம்.

மற்றவர் வகுப்பைப் பார்ப்பது

யூடியூபிலும் ரீல்ஸிலும் வரும் வகுப்பறைக் காட்சிகளைப் பார்க்க ஒரு எளிய உரைகல் உண்டு: அந்த வீடியோவில் எந்தப் பிள்ளையாவது தப்பாகப் பதில் சொல்கிறதா? ஒருவர்கூடத் தப்புச் சொல்லவில்லை என்றால் அது ஒத்திகை பார்த்த நிகழ்ச்சி, ஆண்டு விழா மாதிரி. பார்த்து ரசிக்கலாம், கற்றுக்கொள்ள அதில் அதிகம் இல்லை. தப்பான பதில் வந்ததும் ஆசிரியர் என்ன செய்கிறார் என்ற அந்த இருபது விநாடிதான் நமக்குத் தேவை. அப்படி ஒரு இடம் கிடைத்தால் இணைப்போடு “4 நிமிடம் 10 விநாடியில் பாருங்கள்” என்று நேரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். முழு வீடியோவை அனுப்பினால் யாரும் பார்க்க மாட்டார்கள், பார்த்ததாகக் கட்டை விரல் மட்டும் வரும்.

தன் வகுப்பைத் தானே பார்ப்பது இன்னும் பயனுள்ளது. படம்கூட வேண்டாம், பத்து நிமிடம் குரல் பதிவு போதும். போனை மேஜை மேல் வைத்துவிட்டு வகுப்பை நடத்துங்கள். வீட்டில் போட்டுக் கேட்டு, கேள்வி கேட்ட பிறகு எத்தனை விநாடி காத்திருந்தீர்கள் என்று எண்ணுங்கள். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970-களில் இதைத்தான் அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள். மூன்று விநாடியாகக் கூட்டியபோது பிள்ளைகளின் பதில் நீண்டது, வாயே திறக்காதவர்களும் பேசினார்கள். பதிவை யாருக்கும் அனுப்ப வேண்டாம், கேட்டு முடித்ததும் அழித்துவிடுங்கள். எண்ணை மட்டும் குழுவில் போடலாம்: “12 கேள்வி, சராசரி ஒரு விநாடிக்குக் கீழ், 12-இல் 9 முதல் பெஞ்சுக்கே போயிருக்கிறது.” நாலு பேர் இப்படி எண் போடத் தொடங்கினால், கடமைக்குப் போய்வந்த ஒரு நாள் பயிற்சியைவிட அது அதிகம் செய்யும்.

சொந்தமாக வீடியோ போட விரும்புபவர்களுக்கு இரண்டு மூன்று நுணுக்கம். மற்ற ஆசிரியர்களுக்காக எடுத்த வீடியோவை “குழந்தைகளுக்கானது” என்று குறித்துவிட்டால் பின்னூட்டப் பகுதியே மூடிவிடும். அப்புறம் யாரிடம் கற்றுக்கொள்வது? சின்ன வட்டத்துக்கு மட்டும் என்றால் “அன்லிஸ்டட்” ஆகப் போட்டு இணைப்பைப் பகிரலாம், ஆனால் இணைப்பு கைமாறினால் யாரும் பார்க்கலாம் என்பது நினைவிருக்கட்டும். சினிமாப் பாட்டைப் பின்னணியில் ஓடவிட்டால் காப்புரிமைக் கோரல் வரும். விளம்பர வருமானம் என்ற எண்ணம் இருந்தால் (முழுத் தகுதிக்கு 1,000 சந்தாதாரர், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வை என்பது ஒரு வழி), அரசு ஊழியர் துறையிடம் முன் அனுமதி வாங்கிக்கொண்டுதான் அதைத் தொட வேண்டும்.

ஆங்கிலத்தில் படிக்கச் சிரமமில்லாதவர்களுக்கு எக்ஸ் தளம் (அப்போது ட்விட்டர்) ஒரு காலத்தில் பெரிய ஊற்று. 2009-இல் “எட்சாட்” என்ற குறிச்சொல்லில் வாரம் ஒருநாள் ஆசிரியர்கள் கூடிப் பேசத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 2013-இல் ஆசிரியர் டாம் பென்னட் தொடங்கிய ரிசர்ச்எட் என்ற கல்வி ஆய்வு மாநாடுகூட ட்விட்டர் பேச்சில் இருந்து கிளைத்ததுதான். இப்போது அந்தக் கூட்டம் கலைந்து பல தளங்களில் சிதறிக் கிடக்கிறது. அங்கிருந்து எடுக்க வேண்டியது ஆட்களைவிட முறையை: ஒரு நாள், ஒரு மணி நேரம், ஒரு கேள்வி.

பிள்ளைகளின் முகம்

இங்கே சலுகை கிடையாது. பிள்ளையின் முகமும் பெயரும் தப்பும் ஒரே படத்தில் சேரக் கூடாது. “எங்க வகுப்புக் குறும்பு” என்று சிரிக்கப் போட்ட வீடியோ, அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்புக்கு வரும்போதும் யாரோ ஒருவர் போனில் இருக்கும். 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைக் குழந்தை என்கிறது, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. வன்முறைக்கு ஆளான, பாதுகாப்பு தேவைப்படும், சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டம் 2015-இன் 74-ஆம் பிரிவும், போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவும் தடுக்கின்றன. “இந்தப் பிள்ளைக்கு வீட்டில் பிரச்சினை, எப்படிக் கையாள்வது” என்று ஆலோசனை கேட்கும் நல்ல மனசுகூட ஊர், வகுப்பு, அப்பா வேலை என்று மூன்று விவரம் சேர்த்தால் அந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுத்துவிடும். அத்தகைய கேள்விக்குக் குழு இடமே இல்லை. தலைமை ஆசிரியர், தேவைப்பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள் 1973-இல் வந்தவை, வாட்ஸப்பைக் கனவிலும் காணாத காலம். ஆனாலும் அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிப்பது அவற்றின் கீழ் வரும். மூடிய குழுவும் ஒரு ஸ்கிரீன்ஷாட் தூரத்தில் பொதுவெளிதான். “அரும்பு நிலையில் (எண்ணும் எழுத்தும் திட்டத்தின் தொடக்க நிலை) இருக்கும் பிள்ளைக்கு இந்தச் செயல்பாடு கடினமாக இருக்கிறது, இப்படி மாற்றினேன்” என்று எழுதுவது தொழில் பேச்சு. “திட்டம் போட்டவனுக்கு வகுப்பறை தெரியுமா” என்பது வேறு. இரண்டும் ஒரே கவலையில் இருந்து பிறந்தாலும் முதலாவதுக்குத்தான் பதில் கிடைக்கும்.

ஒரு சின்னக் குழுவை நடத்துவது

ஆறில் இருந்து பன்னிரண்டு பேர். ஒரே வகுப்பு அல்லது ஒரே பாடம். ஒரே பள்ளியாக இல்லாமல் இருப்பது நல்லது, ஒரே பள்ளி என்றால் பேச்சு மதிய உணவுக் கணக்குக்குப் போய்விடும். வட்டாரக் கல்வி அலுவலரையோ தலைமை ஆசிரியரையோ மரியாதைக்காகச் சேர்க்காதீர்கள். அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், மேலதிகாரி இருக்கும் குழுவில் “எனக்கு இது வரவில்லை” என்று எழுத யாருக்கும் கை வராது. எல்லாம் “சிறப்பு சார்” என்றாகிவிடும்.

வாரம் ஒருவர் கேள்வி கேட்பார், முறை வைத்து. செவ்வாய் மாலை கேள்வியும் படமும். வியாழன் இரவு 8 முதல் 8.30 வரை பேச்சு. மற்ற நேரத்தில் எழுதக் கூடாது என்று இல்லை, ஆனால் அந்த அரை மணி நேரம் எல்லோரும் இருப்பார்கள். முதலில் ஒரு வாக்கெடுப்பு (போல்) போட்டால் வாய் திறக்காதவர்களும் உள்ளே வருவார்கள்: “உங்கள் வகுப்பில் அதிகம் வருவது எது? 375, 235, 325, வேறு.” சனிக்கிழமை, கேட்டவரே பத்து வரியில் தொகுத்துப் போடுவார். அட்மின் தொகுக்கக் கூடாது. எல்லாக் குழுவும் ஏழாவது வாரத்தில் படுத்துவிடுவது அட்மின் களைத்துப்போவதால்தான்.

வணக்கப் படம், பிறந்தநாள், சங்கச் செய்தி, சுற்றறிக்கை எதுவும் இங்கே வேண்டாம். அவற்றுக்கு வேறு ஏழு குழு இருக்கிறது. யாராவது பழக்க தோஷத்தில் போட்டுவிட்டால் அட்மின் எல்லோருக்குமாக அழித்துவிட்டு அவருக்குத் தனியாக ஒரு வரி எழுதினால் போதும். குழுவில் வைத்துக் கண்டிப்பது அவரை மட்டுமில்லாமல் இன்னும் மூன்று பேரையும் வாயடைத்துவிடும். பதில் தெரியாதவர் “நன்றி” போடுவதற்குப் பதில் “என் வகுப்பில் செய்து பார்க்கிறேன், திங்கள்” என்று போடலாம். அப்படிப் போட்டவரைத் திங்கள்கிழமை கேட்கவும் வேண்டும்.

ஏப்ரலில், தேர்வு முடிந்ததும் குழுவை மூடிவிடலாம். மூடும் முன் “எக்ஸ்போர்ட் சாட்”, “மீடியா இல்லாமல்” என்று கொடுத்தால் முழு உரையாடலும் ஓர் எழுத்துக் கோப்பாக வரும். சனிக்கிழமைத் தொகுப்புகளை மட்டும் வெட்டி எடுத்து ஒரு கூகுள் டாக்ஸில் வரிசையாக ஒட்டுங்கள், சுமார் முப்பது பக்கம் வரும். தொலைபேசி எண்களையும் பெயர்களையும் நீக்கிவிட்டு, ஜூனில் அடுத்த குழு தொடங்கும்போது முதல் செய்தியாக அதைப் பின் செய்யலாம்.